அப்பாவின் இறுதிச் செலவு டிரஸ்ட்: வரி ரிட்டர்ன் யார் போட வேண்டும்?

கேள்வி:

"ஹூஸ்டனில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் கிரீன் கார்டில் எங்களோடுதான் இருந்தார்கள். போன நவம்பரில், 2025-ல், அப்பா தவறிவிட்டார். பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவர் 2018-லேயே ஒரு ஃப்யூனரல் ஹோமில் 7,500 டாலர் கட்டி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார். பணம் ஒரு வங்கியில் டிரஸ்ட்டாக இருந்தது. தகனம் முடிந்து மூன்றாவது வாரம் வங்கி அதை வட்டியோடு ஃப்யூனரல் ஹோமுக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் பூ, ஹால் வாடகை, குளிர்பதன அறை என்று நான் 4,200 டாலர் கையிலிருந்து கட்டினேன். அப்பாவின் ஃபைலில் வங்கியின் வருடாந்தர அறிக்கைகள் இருக்கின்றன. 2024 அறிக்கையில் வட்டி 260 டாலர், வரி 26 டாலர் என்று போட்டிருக்கிறது. டிரஸ்ட் என்றால் அதன் வருமான வரிக்கான 1041 படிவம் போட்டாக வேண்டும், முதலில் அதற்கு ஈஐஎன் என்ற வரி அடையாள எண் ஒன்று வாங்கு, ஏப்ரல் தாண்டினால் அபராதம் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

அம்மாவுக்காக 2021-ல் வேறொரு நிறுவனத்தில் நானே 9,000 டாலர் கட்டி இதே மாதிரி ஒப்பந்தம் எடுத்தேன். அதற்கு 2023-க்கு 310 டாலர், 2024-க்கு 340 டாலர் என்று என் பெயரில் 1099-இன்ட் என்ற வட்டிச் சான்று வந்தது. அம்மாவுக்கான பணம்தானே என்று நான் கணக்கில் காட்டவில்லை. அது தப்பா? நான் கட்டிய 4,200 டாலரை எங்காவது கழிக்க முடியுமா? இப்போது அம்மா ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறார். அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தால் வரி வருமா?"

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். காரியங்கள் முடிந்த கையோடு இந்தக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வது எவ்வளவு பாரம் என்று தெரியும். அதனால் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் டிரஸ்ட்டுக்கு நீங்கள் எந்த ரிட்டர்னும் போட வேண்டியதில்லை. ஈஐஎன் எண்ணும் வாங்க வேண்டாம். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த வகை டிரஸ்ட்டுக்கு அது பொருந்தாது.

அறிக்கையில் இருக்கும் அந்த 26 டாலரை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். 260-க்கு 26 என்றால் சரியாகப் பத்து சதவீதம். டிரஸ்ட்டுகளுக்கான வரி அட்டவணையில் முதல் படி அதுதான். அப்படியானால் வங்கியே டிரஸ்டி, அதாவது டிரஸ்ட்டின் பொறுப்பாளர், என்ற முறையில் ஒவ்வொரு வருடமும் ரிட்டர்ன் போட்டு, வரியையும் டிரஸ்ட் பணத்திலிருந்தே கட்டி வந்திருக்கிறது. அதனால் அப்பாவின் பெயருக்கு ஒரு 1099 கூட வந்திருக்காது.

இதன் பின்னணியைக் கொஞ்சம் விளக்கினால் அம்மாவின் கணக்கும் உங்களுக்குத் தெளிவாகிவிடும். ஒருவர் தன் இறுதிச் சடங்குக்காக முன்கூட்டியே பணம் கட்டுகிறார், அது ஒரு டிரஸ்ட்டில் வட்டி ஈட்டுகிறது. அந்த வட்டி யாருடைய வருமானம்? ஒப்பந்தத்தை வாங்கியவருடையது என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் 1987-ல் ஒரு தீர்ப்புரை வெளியிட்டது. பணம் கைக்கு வராவிட்டாலும் வருடா வருடம் அவர் தன் 1040-ல், அதாவது தனிநபர் வருமான வரி ரிட்டர்னில், அந்த வட்டியைக் காட்ட வேண்டும். நூறு, இருநூறு டாலர் வட்டிக்காக லட்சக்கணக்கான முதியவர்களுக்குக் காகிதம் அனுப்புவது எல்லோருக்கும் தொல்லையாக இருந்தது. 1997-ல் வந்த வரிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 685 என்ற புதிய பிரிவைச் சேர்த்து ஒரு மாற்று வழி கொடுத்தது. டிரஸ்டி விரும்பினால், 'இந்த டிரஸ்ட்டின் வரியை நானே கட்டிவிடுகிறேன்' என்று தேர்வு செய்யலாம். அப்படித் தேர்வு செய்யப்பட்டதுதான் 'க்வாலிஃபைடு ஃப்யூனரல் டிரஸ்ட்'. அதற்கென்று தனிப் படிவம் உண்டு, 1041-க்யூஎஃப்டி. உங்கள் நண்பர் சொல்லும் சாதாரண 1041 வேறு.

தேர்வு செய்வதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது. கெடு தேதிக்குள் 1041-க்யூஎஃப்டி படிவத்தைப் போடுவதே தேர்வு. முதல் வருடமே செய்யலாம், பின்னால் வரும் எந்த வருடத்திலும் செய்யலாம். ஒருமுறை செய்துவிட்டால் ஐஆர்எஸ் அனுமதி இல்லாமல் பின்வாங்க முடியாது. 2025-க்கான கெடு 2026 ஏப்ரல் 15. அந்தத் தேதியைப் பற்றி வங்கிதான் கவலைப்பட வேண்டும், நீங்கள் அல்ல.

ஒரு வங்கி இப்படி நூற்றுக்கணக்கான டிரஸ்ட்டுகளை வைத்திருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூட்டு ரிட்டர்னாகப் போடலாம். அதோடு ஒரு பட்டியலை இணைக்க வேண்டும். யார் பெயரில் எவ்வளவு வருமானம், என்ன கழிவு, எவ்வளவு வரி, அந்த வருடம் முடிந்துபோன டிரஸ்ட் என்றால் எந்தத் தேதியில் முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் வரியை ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும். இது சின்ன விஷயமில்லை. டிரஸ்ட்டுகளுக்கு வரி விகிதம் படு வேகமாக ஏறும். 2025-ல் 3,150 டாலர் வரை 10 சதவீதம், 11,450 வரை 24, 15,650 வரை 35, அதைத் தாண்டினால் 37. ஐந்நூறு ஒப்பந்தங்கள், ஒவ்வொன்றிலும் 240 டாலர் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,20,000 டாலர். அதை ஒரே டிரஸ்ட்டாகப் பார்த்தால் வரி 42,000 டாலரைத் தாண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு 24 டாலர், மொத்தம் 12,000. இறுதிச் சடங்குக்காகச் சேர்த்த பணத்தை இந்த ஒரு விதிதான் காப்பாற்றுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண டிரஸ்ட்டுக்குக் கிடைக்கும் தனிநபர் விலக்கு இந்த டிரஸ்ட்டுக்குக் கிடையாது. முதல் டாலரிலிருந்தே 10 சதவீதம் உண்டு. டிரஸ்டி கட்டணம், கணக்காளர் கட்டணம் போன்றவற்றை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

அப்பா இறந்த பிறகு வங்கி பணத்தைக் கொடுக்க எடுத்துக்கொண்ட மூன்று வாரத்தைப் பற்றியும் நீங்கள் குழம்ப வேண்டாம். பயனாளி இறந்த நாளிலிருந்து 60 நாள் வரை டிரஸ்ட் அதே தகுதியில் தொடர சட்டம் இடம் கொடுக்கிறது. பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து நிதானமாகக் கணக்கு முடிக்கக்கூட அதற்குள் நேரம் இருக்கிறது. வங்கி ஃப்யூனரல் ஹோமுக்குக் கொடுத்த தொகை உங்கள் வருமானமும் இல்லை, அம்மாவின் வருமானமும் இல்லை. அது அந்த ஃப்யூனரல் ஹோமின் தொழில் வருமானம், அவர்கள்தான் கணக்குக் காட்டுவார்கள்.

ஈஐஎன் விஷயத்தில் அழுத்திச் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். ஐஆர்எஸ் தளத்தில் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம் என்பதால் பலர் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். டிரஸ்ட் என்று சொல்லி ஓர் எண்ணை வாங்கிய பிறகு, அந்த எண்ணில் 1041 வரும் என்று ஐஆர்எஸ் எதிர்பார்க்கும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கடிதம் வரும். இல்லாத ஒரு டிரஸ்ட்டை மூடுவதற்காக நீங்கள் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருக்கும். இந்தத் துக்கத்தின் நடுவில் அது எதற்கு?

நீங்கள் செய்ய வேண்டியது அப்பாவின் கடைசி 1040. 2025-க்கு அம்மா அவரோடு சேர்ந்து கூட்டு ரிட்டர்னாகவே போடலாம். ஒருவர் இறந்த வருடத்தில் துணைவருக்கு அந்த உரிமை உண்டு. அப்பா இறந்த தேதியை அதில் குறிப்பிட வேண்டும். ரீஃபண்ட் வந்தால் அதைக் கோர 1310 படிவம் தேவையா என்று பலர் கேட்பார்கள். கூட்டு ரிட்டர்ன் போடும் மனைவிக்குத் தேவையில்லை. டிரஸ்ட்டின் வட்டியை இந்த ரிட்டர்னில் சேர்க்காதீர்கள். வங்கி ஒருமுறை வரி கட்டிய பணத்துக்கு அம்மா மறுபடியும் கட்டுவதாக ஆகிவிடும். அப்பா தனிப்பெயரில் விட்டுச் சென்ற வேறு சொத்துகள் அவர் இறந்த பிறகு வருடத்துக்கு 600 டாலர் அல்லது அதற்கு மேல் வருமானம் ஈட்டினால் மட்டும், அவருடைய எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுச் சென்ற சொத்துத் தொகுப்புக்கு, சாதாரண 1041 தேவைப்படும். அதற்கும் இந்த ஃப்யூனரல் டிரஸ்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் அந்தப் பக்கமும் வேலை இல்லை.

இவ்வளவு சொன்னாலும், வங்கிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். '685-ஆம் பிரிவின்படி தேர்வு செய்திருக்கிறீர்களா, 2025-க்கான கூட்டு ரிட்டர்னில் என் தந்தையின் பங்கு முடிந்ததாகக் காட்டப்படுமா' என்று இரண்டே கேள்வி. எழுத்தில் வரும் பதிலை அப்பாவின் ஃபைலில் வையுங்கள்.

அம்மாவின் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அங்கே நிலைமை நேர் எதிர். உங்கள் பெயரில் 1099-இன்ட் வந்ததிலிருந்தே அந்த டிரஸ்டி 685 தேர்வைச் செய்யவில்லை என்று புரிகிறது. பழைய விதிதான் அதற்குப் பொருந்தும். சடங்கு யாருக்கு என்பது இங்கே கணக்கில் வராது. ஒப்பந்தத்தை வாங்கியவர் நீங்கள், பணம் கட்டியவர் நீங்கள், ஆகவே வட்டி உங்கள் வருமானம். அம்மாவுக்கான பணம் என்று நீங்கள் நினைத்தது மனசுக்குச் சரி. வரிக் கணக்கில் அது எடுபடாது.

2023-க்கு ஒன்று, 2024-க்கு ஒன்று என்று இரண்டு 1040-எக்ஸ் திருத்த ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். இரண்டு வருட வட்டி மொத்தம் 650 டாலர். நீங்கள் 24 சதவீதப் படியில் இருந்தால் 156 டாலர் வரி, அதோடு கொஞ்சம் தாமத வட்டி. அவ்வளவுதான். அந்த 1099-இன் நகல் ஐஆர்எஸ்ஸிடமும் இருக்கிறது. உங்கள் ரிட்டர்னோடு அது ஒத்துப்போகவில்லை என்று சிபி2000 கடிதம் வருவதற்கு முன் நீங்களாகவே சரிசெய்வது எப்போதும் நல்லது. 2025-க்கான 1099-ம் இப்போது வந்திருக்க வேண்டும். அதை இந்த வருட ரிட்டர்னிலேயே சேர்த்துவிடுங்கள்.

'அப்படியானால் அம்மாவின் டிரஸ்ட்டையும் 685-க்கு மாற்றச் சொல்லலாமா' என்று அடுத்து கேட்பீர்கள். டிரஸ்டியால் மாற்ற முடியும், ஆனால் அது டிரஸ்டியின் முடிவு. உங்களுக்காக ஒரு ஒப்பந்தத்துக்கு மட்டும் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. லாபம் என்று பார்த்தால், 24 சதவீதப் படியில் இருப்பவருக்கு 10 சதவீதம் நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் அம்மாவின் பெயரிலேயே இருந்திருந்தால், வேறு வருமானம் இல்லாத அவருக்கு இந்த வட்டி முழுவதும் வரி இல்லாமல் விடும் அடிப்படைக் கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனுக்குள் அடங்கி வரியே வந்திருக்காது. 685 டிரஸ்ட் என்றால் எப்போதும் வரி குறைவு என்று ஏஜென்ட்டுகள் சிலர் சொல்வதுண்டு, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காகித வேலை குறையும் என்பதுதான் அதன் உண்மையான பயன். இனி யாராவது பெற்றோருக்காக இப்படி எடுப்பதாக இருந்தால், வாங்குபவர் என்ற இடத்தில் யார் பெயர் போடுவது என்று கையெழுத்துக்கு முன் யோசியுங்கள். பிள்ளைகள் பாசத்தில் தங்கள் பெயரைப் போட்டுவிட்டு, பின்னால் 1099 வரும்போதுதான் விழிக்கிறார்கள்.

அந்த 4,200 டாலரைக் கழிக்க வழியில்லை. இறுதிச் சடங்குச் செலவை உங்கள் 1040-லும் கழிக்க முடியாது, அம்மாவின் ரிட்டர்னிலும் முடியாது, எஸ்டேட்டின் 1041-லும் முடியாது. எஸ்டேட் வரிக்கான 706 படிவத்தில் மட்டும்தான் அதற்கு இடம் உண்டு. அந்தப் படிவம் 2025-ல் இறந்தவருக்கு 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு மேல் சொத்து இருந்தால்தான் பொதுவாகத் தேவைப்படும்.

ஆனால் அந்தத் தொகையை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்று சொல்வேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது 26 டாலர் வரியோ 156 டாலர் வரியோ அல்ல, இந்த 4,200-தான். அப்பா 2018-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்னென்ன சேவை, என்னென்ன பொருள் என்று பட்டியல் இருக்கும். கூட்டாட்சி வணிக ஆணையம் 1984 முதல் நடைமுறைப்படுத்தி வரும் ஃப்யூனரல் விதியின்படி, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட அறிக்கையை அவர்கள் உங்களிடம் தந்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா ஏற்கெனவே பணம் கட்டிய ஹாலுக்கு உங்களிடம் மறுபடி வாங்கியிருக்கிறார்களா? விலை உத்தரவாதம் உள்ள ஒப்பந்தம் என்றால், விலை ஏறிவிட்டது என்று சொல்லி அதே சேவைக்கு வித்தியாசம் கேட்க முடியாது. சவப்பெட்டி, உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் போன்றவற்றை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்து, நம் முறைப்படி அவை வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அந்தப் பணம் என்னவாயிற்று என்றும் கேளுங்கள்.

குளிர்பதன அறைக்கான கட்டணத்தையும் பாருங்கள். டெக்சஸ் சட்டப்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், இறந்து 48 மணி நேரம் ஆகாமல் தகனம் செய்ய முடியாது. நம்மவர்கள் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று தவிக்கும்போது இந்த விதி மிகவும் வேதனை தரும். தகனத்துக்கு என்றே எடுத்த ஒப்பந்தத்தில் இந்த இரண்டு நாள் வைத்திருப்பதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் டெக்சஸ் வங்கித் துறையில் புகார் செய்யலாம். அந்த மாநிலத்தில் முன்பணம் கட்டும் இறுதிச் சடங்கு ஒப்பந்தங்களைக் கண்காணிப்பது அந்தத் துறைதான். துக்கத்தில் இருக்கும் குடும்பம் பில்லைப் படிக்காது என்ற நம்பிக்கையில் யாரும் பணம் வாங்கிவிடக் கூடாது.

கடைசியாக அம்மாவின் ஒப்பந்தத்தை ரத்து செய்வது. வரியைப் பொறுத்தவரை பயமில்லை. கட்டிய 9,000 உங்கள் பணம், திரும்பி வந்தால் அது வருமானம் ஆகாது. சேர்ந்த வட்டிக்கு, திருத்த ரிட்டர்ன் போட்ட பிறகு, வருடா வருடம் வரி கட்டியதாகிவிடும். ரத்து செய்யும் வருடத்தின் வட்டி மட்டும் அந்த வருட 1099-ல் வரும், அதைக் காட்டினால் போதும். அதனால் வரிசை முக்கியம், முதலில் திருத்த ரிட்டர்ன், பிறகு ரத்து. (685 டிரஸ்ட்டாக இருந்திருந்தாலும், ரத்தாகித் திரும்பி வரும் பணத்தில் லாபமோ நஷ்டமோ கணக்கிட வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது.) நிறுவனம் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டால், அந்த இழப்பை உங்கள் வரியில் கழிக்க முடியாது.

வரியை விட முக்கியம், ஒப்பந்தத்தில் 'இரிவோக்கபிள்' என்ற சொல் இருக்கிறதா என்பது. மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவிக்குத் தகுதி பெறுவதற்காகச் சிலர் ரத்து செய்ய முடியாதபடி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்திருந்தால் பணமாகத் திரும்பக் கேட்க முடியாது. அந்தச் சொல் இல்லையென்றால், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

என்னைக் கேட்டால் இப்போதே ரத்து செய்ய வேண்டாம். கணவரை இழந்த சில மாதங்களில் ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொல்வது இயல்பு. அவர் போகட்டும், சொந்தங்களோடு இருக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டுக்குச் சிக்கல் வரும் என்பதால், கிளம்புவதற்கு முன், திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டிய ஒன்று அது. கிரீன் கார்டு கையில் இருக்கும் வரை, ஊரில் அவருக்கு வரும் வருமானமும் இங்கே வரிக் கணக்கில் வரும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். அப்பாவின் வருஷ திதி முடியட்டும். அப்போதும் ஊரிலேயே இருக்கிறேன் என்று அம்மா சொன்னால், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ரத்து கேட்டு, டிரஸ்டியிடமிருந்து இறுதிக் கணக்கை வாங்குங்கள். கட்டிய அசல், அதுவரை சேர்ந்த வட்டி, பிடித்த தொகை மூன்றும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு காசோலையை மாற்றுங்கள்.